பூசிப் புதுப்பித்த கோட்டையில் பார்க்க என்ன இருக்கிறது?

கேள்வி: 2025 ஆகஸ்ட் 2, மாலை 6.40

போன வாரம் குடும்பத்தோடு தரங்கம்பாடி போய் வந்தோம். டேனிஷ் கோட்டையைப் பார்க்க மூன்று மணி நேரம் வண்டியில் உட்கார்ந்து போனால், நேற்றுத்தான் கிரகப்பிரவேசம் முடிந்த வீடு மாதிரி பூசி வைத்திருக்கிறார்கள். சில பீரங்கிகள், ஒரு அருங்காட்சியகம், அரை மணி நேரத்தில் வெளியே வந்துவிட்டோம். செஞ்சியில் ஏறும்போது வந்த சிலிர்ப்பு துளிகூட இல்லை. போன மாதம் யுனெஸ்கோ பட்டியலில் செஞ்சி சேர்ந்தது சும்மா இல்லை. இடிந்து கிடந்தாலும் அது அசல். சீரமைத்த கோட்டைகளைத் தேடிப் போவது வீண் என்று நினைக்கிறேன். மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள்.

ஆகஸ்ட் 2, இரவு 10.15

வீண் இல்லை. விரிவாக எழுத இப்போது நேரமில்லை, பூச்சைப் பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன்.

கடலோரத்தில் செங்கல் கட்டடத்தைப் பூசாமல் விடவே மாட்டார்கள். உப்புக் காற்று நேராகச் செங்கல்லில் ஏறினால் அது பொரிந்து மாவாக உதிரும். 1620களில் அந்தக் கோட்டையைக் கட்டியவர்களும் பூசித்தான் வைத்திருப்பார்கள். மழைக்குப் பிறகு ஒட்டுப் போட்டு, வெள்ளையடித்து, மறுபடி ஒட்டுப் போட்டு வந்திருப்பார்கள். செங்கல் தெரிய நிற்கும் சுவரை நாம் பழசு என்று ரசிக்கிறோம். அன்றைக்கு அங்கே காவல் நின்ற ஒருவன் அதைப் பார்த்தால் மேஸ்திரியைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டிருப்பான்.

ஆகஸ்ட் 3, காலை 7.30

பூச்சு என்றதும் ஏன் இவ்வளவு வேகமாகப் பதில் எழுதினேன் என்று சொல்ல வேண்டும். என் தாத்தா கொத்தனார். சீர்காழிப் பக்கம் பழைய வீடுகள், சின்னக் கோவில்கள் என்று சுண்ணாம்பு வேலைதான் கடைசிவரை செய்தார். சிமெண்ட் மூட்டையைத் தொடமாட்டார் என்றில்லை, தொட்டார், ஆனால் அதில் பூசும்போது பேச்சே இருக்காது. சுண்ணாம்பு என்றால் வாய் ஓயாது.

தொட்டியில் சுண்ணாம்பைத் தாளித்து, அதாவது சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவிட்டு, நாள் கணக்கில் ஊறப்போடுவார். தனியாக ஒரு பானையில் இடித்த கடுக்காயும் வெல்லமும் ஊறிக்கொண்டிருக்கும். அந்தத் தண்ணீர் நாலைந்து நாளில் புளித்து, கள்ளுக்கடை வாசலில் வருகிற மாதிரி ஒரு வாடை அடிக்கும். அதை ஊற்றித்தான் சாந்தை இடிப்பார்கள். ஆமாம், இடிப்பதுதான், குழைப்பதோடு முடியாது. சித்தாள் இருவர் எதிரெதிரே நின்று மாற்றி மாற்றி உலக்கை போடுவார்கள். பூசிய பிறகு மணியாசுக் கட்டையால் தேய்த்து, ஈரச் சாக்கைத் தொங்கவிட்டுக் காப்பார். "சுண்ணாம்பு காத்தைக் குடிச்சுத்தாண்டா இறுகும், அவசரப்படுத்தினா வெடிச்சுப் போகும்" என்பார். அவர் சொன்னது ரசாயனப்படியும் சரிதான் என்று பாலிடெக்னிக்கில் படித்தபோதுதான் தெரிந்தது. காற்றில் இருக்கும் கரியமில வாயுவை இழுத்து மெல்ல மெல்ல மறுபடி சுண்ணாம்புக்கல்லாக மாறுகிறது.

அதனால் சீரமைத்த கோட்டைக்குள் போனால் நான் முதலில் தேடுவது பீரங்கியை இல்லை. சுவரின் அடிப்பக்கத்தைத் தேடுகிறேன்.

ஆகஸ்ட் 3, காலை 7.50

மேலே எழுதியதில் ஒரு திருத்தம். எல்லா இடத்திலும் வெல்லமும் கடுக்காயும் போட்டார்கள் என்று படித்துக்கொள்ள வேண்டாம். ஊருக்கு ஊர் பக்குவம் மாறும். கடலோரத்தில் கிளிஞ்சலைச் சுட்ட சுண்ணாம்பு, உள்நாட்டில் பூமிக்கு அடியில் எடுக்கும் சுண்ணாம்புக்கல், சில இடத்தில் மணலோடு செங்கல் தூளும் சேரும். நான் சொன்னது என் தாத்தாவின் பானை.

ஆகஸ்ட் 6, இரவு 9.40

சரி, இப்போது தரங்கம்பாடிக்கே வருகிறேன். அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு முதல் தடவை இரண்டரை மணி நேரம் ஆனது. நான் எங்கே நின்றேன் என்று சொல்கிறேன்.

முற்றத்து வெயிலிலிருந்து கடல் பக்கக் கட்டடத்தின் கீழ்த்தளத்துக்குள் நுழையுங்கள். இரண்டு அடி உள்ளே வைத்ததும் உடம்பில் சூடு இறங்குவது தெரியும். வாசல் நிலையில் கையை நீட்டிச் சுவரின் கனத்தை அளந்து பாருங்கள், முழங்கை வரை போய் இன்னும் மிச்சம் இருக்கும். மேலே கூரை தட்டையாக இல்லை. நடுவில் ஒரு தடித்த தூண், அதிலிருந்து நாலு பக்கமும் திமில் மாதிரி வளைந்து எழும் விதானம். மேல்தளத்தின் பாரம் முழுக்க அந்தத் தூண் வழியாக இறங்குகிறது. உத்தரம் கிடையாது, இரும்பு கிடையாது. கீழே சரக்கும் வெடிமருந்தும், மேலே ஆளுநரும் பாதிரியாரும் குடியிருப்பு. மருந்துக் கிடங்குக்கு மேலேயே ஒருவர் தினம் படுத்துத் தூங்கி எழுந்திருக்கிறார் என்பதை அந்த அறையில் நின்று யோசித்துப் பாருங்கள்.

இதைக் கட்டியவர்கள் போர் செய்ய வந்தவர்கள் இல்லை, மிளகும் துணியும் வாங்க வந்தவர்கள். டேனிஷ் கடற்படைத் தளபதி ஓவே கெட்டே 1620 நவம்பரில் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டார். நாயக்கர் டென்மார்க் மன்னர் நான்காம் கிறிஸ்தியானுக்குத் தங்க ஏட்டில் தமிழில் எழுதிய கடிதம் இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. கோட்டை அளவில் சின்னதாக இருப்பதற்குக் காரணம் அதன் வேலைதான். சரக்கைக் காக்க வேண்டும், நங்கூரமிட்ட கப்பலைக் காக்க வேண்டும். அன்றைக்குச் சோழமண்டலக் கரையில் கப்பல் ஒதுங்க நல்ல துறைமுகம் கிடையாது. கப்பல் தூரத்தில் நிற்கும், கயிற்றால் பலகை தைத்த மசூலாப் படகுகள் அலையைத் தாண்டிச் சரக்கை ஏற்றி இறக்கும். கொத்தளத்தில் ஏறிக் கடலைப் பார்த்தால், பீரங்கி ஏன் அந்தப் பக்கம் வாய் வைத்திருக்கிறது என்று யாரும் சொல்லாமலே விளங்கும்.

கோட்டை இடிந்து கிடந்திருந்தால் இதில் ஒன்றும் தெரிந்திருக்காது. விதானம் விழுந்திருந்தால் அந்தக் குளுமை இல்லை. மதில் நடைபாதை சரிந்திருந்தால் அந்தப் பார்வை இல்லை.

ஆகஸ்ட் 7, மதியம் 1.05

மேலே சொன்னதைப் படித்தால் நாம் பார்க்கும் கோட்டை முழுக்க 1620ல் எழுந்தது போலத் தோன்றுகிறது. அது தவறு. தொடக்கம்தான் அந்த ஆண்டு. அதன் பிறகு 225 ஆண்டுகள் டேனிஷ்காரர்கள் கையில் இருந்தது. நடுவில் நெப்போலியன் போர்க் காலத்தில், 1808 முதல் 1815 வரை, ஆங்கிலேயர் பிடித்து வைத்திருந்தார்கள். 1845ல் விற்றே விட்டார்கள். அத்தனை காலமும் இடிப்பதும் கட்டுவதும் நடந்திருக்கிறது. ஊருக்குள் நுழையும் வழியில் நிற்கிறதே, அந்த வளைவு வாசல் 1792ல் கட்டியது. எது எந்தக் காலத்துச் சுவர் என்று பிரித்துப் பார்க்க எனக்கும் தெரியவில்லை.

இன்னொன்று. சுதந்திரத்துக்குப் பிறகு அந்தக் கோட்டை பயணியர் விடுதியாக இருந்தது. 1978ல்தான் மாநிலத் தொல்லியல் துறைக்குப் போனது. விடுதியாகக் கிடந்ததால் கெட்டது என்று முன்பெல்லாம் நினைப்பேன். இப்போது மாற்றிச் சொல்கிறேன். யாரோ ஒருவர் இரவு தங்குகிறார் என்றால் யாரோ ஒருவர் தரை பெருக்குகிறார், ஒழுகும் இடத்தை அடைக்கிறார், வடிகாலில் அடைத்த இலையை எடுத்துப் போடுகிறார். கட்டடத்துக்கு அது போதும். அதனால்தான் 2000களின் தொடக்கத்தில் டென்மார்க் ஆர்வலர்களும் தொல்லியல் துறையும் சீரமைக்க வந்தபோது, சீரமைப்பதற்கு ஒரு கோட்டை மிச்சம் இருந்தது.

வடக்கே மாசிலாமணிநாதர் கோவில் வரை நடந்து பார்த்தீர்களா? 1306ல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த கோவில். முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. கோட்டைக்கும் அதற்கும் இடையே சில நிமிட நடைதான்.

ஆகஸ்ட் 10, மாலை 5.20

செஞ்சியைப் பற்றி. கேட்டவர் மறுபடி எழுதியிருக்கிறார்: "செஞ்சியை யாரும் பூசவில்லை, அதனால்தான் அது செஞ்சி."

செஞ்சி எனக்கும் உயிர். ஆனால் செஞ்சியில் நாம் ஏறுவதே சீரமைத்த வழியில்தான். அங்கே ராஜகிரிக் குன்றின் படிகளில் பெயர்ந்ததை எடுத்துக் கட்டியிருக்கிறார்கள். உச்சிக்குக் கொஞ்சம் கீழே பாறை பிளந்து கிடக்கும் இடத்தில் பாலம் போட்டிருக்கிறார்கள். அது இல்லாவிட்டால் எதிர்ப் பக்கத்திலிருந்து கும்பிடு போட்டுத் திரும்ப வேண்டியதுதான். கல்யாண மகாலின் மேல் மாடத்தைப் பாருங்கள், காரை ஒட்டிய இடமும் காரை இல்லாத இடமும் அடுத்தடுத்து இருக்கும். அதுவும் ஒரு காலத்தில் முழுக்கப் பூசியிருந்த கட்டடம்தான்.

முக்கியமான வித்தியாசம் கல். செஞ்சி மதில் கருங்கல், பாறையிலிருந்து முளைத்த மாதிரி நிற்கிறது. கருங்கல்லைப் பூசாமல் விட்டால் ஒன்றும் ஆகாது. கடலோரச் செங்கல்லை அப்படி விட முடியாது. இரண்டையும் ஒரே தராசில் வைப்பது நியாயமில்லை.

அப்புறம் செஞ்சியில் உங்களுக்கு வந்த சிலிர்ப்பு எதனால் என்று யோசித்தேன். எனக்கு அது நெற்களஞ்சியத்தில் வந்தது. 1690ல் சுல்பிகர்கானின் மொகலாயப் படை கோட்டையைச் சூழ்ந்தது. உள்ளே சிவாஜியின் மகன் ராஜாராம். 1698 வரை, 8 ஆண்டு. மதிலின் உயரத்தைத்தான் எல்லாரும் பேசுகிறார்கள். 8 ஆண்டு ஒரு கோட்டைக்குள் ஆட்கள் சாப்பிட வேண்டும், தண்ணீர் குடிக்க வேண்டும். களஞ்சியத்துக்குள் போனேன், வௌவால் வாடை, மேலே ஒரு துவாரத்திலிருந்து வெளிச்சம் சாய்வாக விழுந்தது. சுவரைத் தட்டிப் பார்த்தேன், எதிரொலி சுற்றி வந்தது. அது நிரம்பி இருந்தபோது எத்தனை மாதம் தாங்கியிருக்கும் என்று கணக்குப் போட்டபடியே நின்றுவிட்டேன். கூரை விழாமல் இருந்ததால்தானே அதை உணர முடிந்தது?

ஆகஸ்ட் 10, மாலை 5.45

செஞ்சி போகிறவர்களுக்கு: திறந்ததும் ராஜகிரியில் ஏறிவிடுங்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். குரங்குகள் பையைத் திறக்கும், பிஸ்கட் பாக்கெட்டைக் கையில் வைத்திருக்க வேண்டாம். முட்டி வலி உள்ளவர்கள் கல்யாண மகால், களஞ்சியம், சாதத்துல்லாகான் மசூதி, வேங்கடரமணர் கோவில் என்று கீழேயே ஒரு நாள் முழுக்கப் பார்க்கலாம். என் அம்மா அப்படித்தான் பார்த்தார், குறையே சொல்லவில்லை.

ஆகஸ்ட் 17, இரவு 11.30

ஒரு வாரமாக இதை எழுதலாமா வேண்டாமா என்று இருந்தேன். இதுவரை சீரமைப்புக்கு ஆதரவாகவே பேசிவிட்டேன். அந்தப் பேச்சு எனக்கே நிற்காத ஒரு இடம் உண்டு. யாழ்ப்பாணக் கோட்டை.

2018ல் போனேன். போர்த்துக்கேயர் தொடங்கிய கோட்டையை 1658ல் டச்சுக்காரர்கள் முற்றுகையிட்டுப் பிடித்து, ஐந்து முனை நட்சத்திரமாக மாற்றிக் கட்டினார்கள். வெளி அரண் வேலை 1792ல்தான் முடிந்தது. மூன்றே ஆண்டில் ஆங்கிலேயரிடம் விட்டுவிட்டுப் போனார்கள். அத்தனை வேலையும் முடிந்த பிறகு அது கண்ட பெரிய முற்றுகை 1990ல், ஜூன் முதல் செப்டம்பர் வரை. உள்ளே இருந்தது இலங்கை இராணுவம், வெளியே விடுதலைப் புலிகள். 1706ல் கட்டிய டச்சுத் தேவாலயம் அந்தப் போர்க்காலத்தில் அழிந்தது.

போர் முடிந்த பிறகு நெதர்லாந்து உதவியோடு மதிலைச் சீரமைத்தார்கள். நான் போனபோது மதில் ஓரம் புதுக் கல் கூர்மையாக, வெள்ளையாக இருந்தது. பக்கத்தில் போய்ப் பார்த்தால் அது பவளக்கல். பூ மாதிரி, தேன்கூடு மாதிரி ஓட்டைகள். விரல் வைத்தால் சொரசொரவென்று இருந்தது. மாலையில் ஊர்ச் சனம் மதில்மேல் நடக்கிறது, பிள்ளைகள் ஓடுகின்றன, பண்ணைக் கடலில் சூரியன் இறங்குகிறது. பார்க்க நிறைவாக இருந்தது. உள்ளே திரும்பினால் தேவாலயம் இருந்த இடத்தில் கல் குவியல், நடுவே செடி.

அந்த இரண்டையும் ஒன்றாகப் பார்த்தபோது என்னால் கொத்தனார் பேரனாக நிற்க முடியவில்லை. பூச்சு எப்படி, கல் எப்படி என்று கேட்க வாய் வரவில்லை. மதில்மேல் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் தானாகவே பேச்சுக் கொடுத்தார். "உந்த மதிலைத் திருப்பிக் கட்டினது நல்லது தம்பி. பின்னேரத்தில வந்து காத்து வாங்கலாம். ஆனா அங்கால கிடக்கிற கல்லை அப்பிடியே விடவேணும். அதையும் வடிவாக் கட்டிப்போட்டா, நான் சொல்லுறதை என்ர பேரப்பிள்ளையள் நம்பாதுகள்." அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அதனால் முதல் நாள் எழுதிய பதிலைக் கொஞ்சம் சுருக்கிக்கொள்கிறேன். மழையும் உப்பும் இடித்ததைக் கட்டலாம், கட்ட வேண்டும். மனிதர்கள் இடித்ததைக் கட்டும் முன், அங்கே இருந்தவர்களைக் கேட்க வேண்டும்.

ஆகஸ்ட் 18, காலை 8.10

"அப்படியானால் செஞ்சியையும் மனிதர்கள்தானே இடித்தார்கள்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. அதைப் பார்த்தவர்கள் யாரும் இப்போது உயிரோடு இல்லை என்பதுதான் என்னிடம் உள்ள பதில். அது முழுப் பதில் இல்லை என்று எனக்குத் தெரிகிறது. இன்னும் யோசிக்கிறேன்.

ஆகஸ்ட் 24, மதியம் 3.15

கெட்ட சீரமைப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும், கேட்டவரின் கோபம் அங்கேதான் பொருந்தும். ஊர் பெயர் வேண்டாம். ஒரு கோட்டையில் வாசலுக்குப் பக்கத்துச் சுவரைச் சிமெண்டால் பூசியிருந்தார்கள். வழவழவென்று, மூலை எல்லாம் ரசமட்டம் வைத்துப் பிடித்த மாதிரி நேராக. விரல் கணுவால் தட்டினேன். பாதி இடத்தில் டொக் என்று காலியாகச் சத்தம். பழைய சுண்ணாம்புச் சுவர் தரையிலிருந்து ஈரத்தை இழுக்கும், வெயிலில் வெளியே விடும். சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிடும். உள்ளே தங்கிய ஈரத்தில் உப்பு பூத்து, பூச்சுக்கும் செங்கல்லுக்கும் நடுவில் தள்ளும். வெளியே பார்க்கப் புதுச் சுவர், உள்ளே செங்கல் தூளாகிக்கொண்டிருக்கும். தட்டிவிட்டு ரொம்ப நேரம் அங்கேயே நின்றேன். தாத்தா இருந்திருந்தால் அழுதிருப்பார்.

தட்டிப் பார்க்கும் பழக்கத்தை எல்லா ஊரிலும் வைத்துக்கொள்ளாதீர்கள். பூச்சில் ஓவியம், எழுத்து இருந்தால் கை படவே கூடாது.

நல்லதும் பார்த்திருக்கிறேன். கல்பாக்கத்துக்குப் பக்கத்தில் சதுரங்கப்பட்டினம் டச்சுக் கோட்டையில் விழுந்ததை முழுதாக எழுப்பாமல், நிற்பதை மட்டும் நிற்க வைத்திருக்கிறார்கள். அந்தக் கல்லறைப் பலகைகளில் செதுக்கிய கப்பலையும் எழுத்தையும் பார்க்கவே போகலாம். திருமயத்தில் கோட்டைக்குள் பாறைமேல் ஏறும் வழியில், இரும்பு ஏணி வைத்து ஏறினால் ஒரு குடைவரையில் லிங்கம். 1687ல் சேதுபதி கோட்டை கட்டும்போது அந்தக் குடைவரைக்கு ஏற்கெனவே பல நூறு வயது. கோட்டையே அங்கே புதுசுதான். உச்சியில் ஒற்றைப் பீரங்கி, சுற்றிலும் கண்மாய்களாகத் தெரியும் நாடு.

புலியூர்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குப் பிள்ளைகளோடு போகிறவர்கள் மான் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். உள்ளே தள்ளி, கூரையில்லாத தேவாலயத்தில் டிலனாய் கல்லறை இருக்கிறது. 1741ல் குளச்சலில் மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்றுப் பிடிபட்ட டச்சுப் படைக்காரர். அதன்பின் அதே மன்னருக்குக் கோட்டை கட்டிக்கொடுத்து, படை நடத்தி, 1777ல் இறந்தவர். கல்லில் தமிழும் லத்தீனும் சேர்ந்து இருக்கின்றன. தமிழ் வரிகளை விரலால் தொடாமல், வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

செப்டம்பர் 21, இரவு 9.00

இந்த இழையால் மறுபடி தரங்கம்பாடி போனேன், இன்றைக்குத்தான். கூட என் மகள், 11 வயது. இவ்வளவு எழுதிவிட்டோமே, எழுதியது சரிதானா என்று பார்க்க வேண்டும் போல இருந்தது.

ஒரு திருத்தம் உடனே: சுவரின் கனம் முழங்கை வரை போய் மிச்சம் இருக்கும் என்றேன். என் கை முழுக்க, தோள் வரை நீட்டினேன், அப்போதும் எட்டவில்லை.

மகளுக்கு அருங்காட்சியகம் பத்து நிமிடம்தான். கீழ்த்தள அறையில் மட்டும் தூணைச் சுற்றிச் சுற்றி வந்தாள். "இந்த ஒரு தூணை எடுத்துட்டா எல்லாம் விழுந்துடுமாப்பா?" என்றாள். ஆமாம் என்றதும் கையை எடுத்துக்கொண்டு தள்ளி நின்றாள்.

மதிலுக்கு வரும் வழியில், உட்புறச் சுவரில் இடுப்பு உயரத்தில் பூச்சு உதிர்ந்த இடத்தைப் பார்த்தோம். ஒரு முறம் அகலம் இருக்கும். உள்ளே செங்கல் தெரிந்தது, இப்போது வருவதைவிட மெல்லிசு. இடைச் சாந்து வெள்ளையாக, அதில் வேகாத கிளிஞ்சல் துணுக்கு ஒன்று நகக்கண் அளவில் ஒட்டியிருந்தது. மகள்தான் முதலில் பார்த்தாள். அதற்கு நாலடி தள்ளி இதே மாதிரி இன்னொரு இடத்தை ஒரு கொத்தனார் அப்போதுதான் பூசி முடித்திருந்தார். அறுபது வயது இருக்கும். சட்டியில் மிச்சம் இருந்த சாந்தை முகர்ந்து பார்த்தேன். அந்தப் புளித்த வாடை. நாற்பது வருடத்துக்குப் பிறகு அது மூக்கில் ஏறியதும் ஒரு நிமிடம் பேச முடியவில்லை. "கடுக்காயாண்ணே?" என்றேன். "கடுக்காய், வெல்லம். ஊறி ஒரு வாரம் ஆச்சு" என்றார். தாத்தா பெயரைச் சொன்னேன், அவருக்குத் தெரியவில்லை.

மகள் புதுப் பூச்சில் விரல் வைக்கப் போனாள். "வேண்டாம் பாப்பா, இன்னும் பச்சை" என்று ஈரச் சாக்கை இழுத்து மேலே போட்டார். எப்போது காயும் என்று கேட்டாள். "ஐப்பசி மழைக்குள்ள ஓரளவு இறுகிடணும். அப்புறம் மழை சொல்லும்" என்றார்.

கேள்வி கேட்டவருக்கு: அந்த இடம் தெற்கு மதிலின் உட்பக்கம், படிக்கு இடது கைப்புறம். சாக்கு எடுத்த பிறகு நிறம் கொஞ்சம் வெளுப்பாகத் தெரியும். நான் தை மாதம்தான் மறுபடி போக முடியும். நீங்கள் முன்னால் போனால் வெடிப்பு விட்டிருக்கிறதா என்று பார்த்து இங்கே எழுதுங்கள்.